கூண்டு வைக்காத பட்டறைகள்

பூனாவை ஒட்டிய கசார்வாடியில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் வேதநாயகியின் பார்வை முதலில் ஆட்களின் விரல்களுக்குத்தான் போகும். முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்வதற்குள் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தால், அவர்களில் ஒருவருக்காவது எங்கோ ஒரு கணு குறைந்திருக்கும். அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பேச்சைத் தொடங்கப் பழகிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவள் பிறந்தது கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மராத்தி, தெருவில் இந்தி. பி.ஏ. முடித்த கையோடு கந்தசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மகர்பட்டா கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறவன். தாபோடியில் வாடகை வீடு. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்தாள். எந்த சோப்புப் போடுகிறீர்கள், எந்தச் சேனல் பார்க்கிறீர்கள், குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக் கேட்டு, பூனாவில் அவள் ஏறாத மாடி குறைவு. மற்றவர்களுக்குப் பாதி திறக்கும் கதவு அவளுக்கு முழுதாகத் திறக்கும். அந்தப் பெயர் பரவித்தான் ஓர் ஆய்வு நிறுவனத்தில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

அங்கே பட்டறை விபத்துகளைப் பற்றிய ஆய்வை நடத்தியவர் அச்சுதன். டில்லியில் வளர்ந்த தமிழர், பொருளாதாரம் படித்தவர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசத் தெரியாதவர். பயிற்சியின் முதல் நாள், அவர் வெள்ளைப் பலகையில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று தளேகாவ், மற்றொன்று கசார்வாடி.

"தளேகாவ்ல இருக்கற பிரஸ் ஷாப்புக்கெல்லாம் கம்பிக் கூண்டு வைக்கப் போறாங்க. கூண்டு மூடினாத்தான் பிரஸ் இறங்கும். கை உள்ள இருந்தா இறங்காது. கசார்வாடியில இப்போதைக்கு எதுவும் கிடையாது. ரெண்டு இடத்துலயும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி சில தடவை போய், யாருக்கு எங்க அடிபட்டுதுன்னு கேக்கறோம்."

"தளேகாவ்ல மட்டும் கேட்டாப் பத்தாதா சார்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர். அவளும் வேதநாயகியைப் போலக் களத்துக்குப் போகிறவள்தான்.

"பத்தாது. விபத்து குறைஞ்சுதுன்னு நாம சொன்னா, 'இந்த வருஷம் ஆர்டரே இல்ல, மெஷினே ஓடல, அதான்'னு ஒருத்தர் சொல்வார். கசார்வாடியிலயும் அதே ஆர்டர், அதே மாதிரி மெஷின். அங்க குறையாம இங்க மட்டும் குறைஞ்சாத்தான் கூண்டாலதான்னு தைரியமாச் சொல்லலாம்."

"அப்ப சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சிருக்கலாமே?"

"குலுக்கியிருந்தா அது முழுச் சோதனை. ஆனா கூண்டுக்குக் காசு போடற பெரிய கம்பெனி தளேகாவ் பட்டறைக்கு மட்டும்தான் ஒத்துக்கிட்டுது. கிடைச்சதை வச்சு, முடிஞ்ச வரைக்கும் நியாயமா ஒப்பிடறோம். க்வாஸி எக்ஸ்பெரிமென்ட்னு சொல்வாங்க, அரைச் சோதனைன்னு வச்சுக்கங்களேன். குலுக்கல் இல்லாததால நாம இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கசார்வாடியில கூண்டுங்கற பேச்சே வாயில வரக்கூடாது. அறிவுரை சொல்லக்கூடாது. ஆய்வு முடிஞ்சதும் அவங்களுக்கும் கூண்டு வரும், அதுக்கு நான் பொறுப்பு."

வேதநாயகி கை தூக்கினாள். "யாருக்காவது அடிபட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கீங்க சார். அடிபடப் போகுதுன்னு தெரிஞ்சா?"

அச்சுதன் பேனாவை மூடினார். "எனக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

முதல் சுற்று நன்றாகவே போனது. கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நாலைந்து பட்டறைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில்தான் ஷீலா வேலை பார்த்தாள். அப்பா அம்மா நாசரேத் பக்கம், இவள் பிறந்து வளர்ந்தது பிம்ப்ரியில். வேதநாயகி மராத்தியில் முதல் கேள்வியைக் கேட்டதுமே, "யக்கா, நீங்க தமிழா?" என்று சிரித்துவிட்டாள். அன்றைக்கு எல்லாக் கேள்வியும் தமிழில்தான் நடந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போன கதை, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கதை எல்லாம் படிவத்தில் இடமில்லாத கதைகள். வேதநாயகி கேட்டுக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றுக்குப் போனபோது தளேகாவில் கூண்டுகள் வந்துவிட்டிருந்தன. கசார்வாடியில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் தகரக் கூரை இரைச்சலும் பிரஸ் இரைச்சலும் சேர்ந்து, காதோரம் கத்தினால்தான் கேட்கும். ஷீலா சாப்பாட்டு இடைவேளையில் வந்து அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். கை துடைத்த துணி மடியில் கிடந்தது.

"போன மாசம் கையில எங்கயாவது வெட்டு, நசுங்கல், தையல்?"

"இல்லக்கா. ஆனா…" ஷீலா திரும்பித் தன் மெஷினைப் பார்த்தாள். "அது டபுள் அடிக்குதுக்கா. ரெண்டு நாளாச்சு."

"டபுள்னா?"

"பெடல ஒருவாட்டி மிதிச்சா ஒருவாட்டிதான இறங்கணும்? இது இறங்கி, ஏறி, மிதிக்காமலே திரும்ப இறங்குது. எப்பவும் இல்ல. எப்பவாச்சும். நேத்து நான் தகட எடுக்கக் கைய விடுதேன், டப்புன்னு வந்துட்டு. மயிரிழதான்க்கா."

"சூப்பர்வைசர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். பிரேக்கு பக்கத்துல ரப்பர் வச்சிக் கட்டியிருக்கான். இந்த ஆர்டர் போவட்டும், அப்புறம் ஃபிட்டரக் கூப்பிடலாங்கான்."

வேதநாயகியின் கையிலிருந்த டேப்லெட்டில் அடுத்த கேள்வி காத்திருந்தது. டபுள் அடிக்கும் மெஷினைப் பற்றி அதில் எந்தக் கேள்வியும் இல்லை. நடந்த காயங்களை மட்டும்தான் அது கேட்கும்.

"நீ இன்னிக்கு அதுல உக்காராதட்டி," என்று சொல்ல வாய் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டாள். மணி அடித்தது. ஷீலா துணியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வேதநாயகி வெளியே வந்து, பட்டறைச் சுவரோடு ஒண்டி நின்று அச்சுதனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் ஷீலாவின் கை உள்ளே போய்வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த அடி சீக்கிரம் விழுந்துவிடுமோ என்று காது தானாகக் கணக்குப் பார்த்தது. அச்சுதனே திரும்பக் கூப்பிட்டார்.

"மீட்டிங்ல இருந்தேன். என்னாச்சு?"

சொன்னாள்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல சார். அவ சொல்லுதா."

"மழையா? சத்தமாப் பேசுங்க. வேதநாயகி, இதை நான் தனியா முடிவு பண்ண முடியாது. ஆய்வுல எது செய்யலாம், கூடாதுன்னு சொல்ற நெறிமுறைக் குழுவுக்கு உடனே எழுதறேன். சாயந்திரத்துக்குள்ள பதில் வாங்கிடறேன்."

"சாயந்திரம் வரைக்கும் அவ அதுலதான் சார் உக்காந்திருப்பா."

"எனக்குப் புரியுது. ஆனா நீங்க உள்ள போய்ப் பேசினா அந்த ஒரு பட்டறையோட நிக்காது. சந்து முழுக்க ஒரே ஃபிட்டர். எல்லா மெஷினையும் சரி பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் எதோட எதை ஒப்பிடறது? இந்தக் கூண்டு வேலை செய்யுதுன்னு நிரூபிச்சா எத்தனை ஊருக்குப் போகும்னு யோசிங்க. கொஞ்சம் பொறுங்க, ப்ளீஸ்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவளால் தப்பு என்று தள்ள முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தாள். இன்னும் சில கேள்வி பாக்கி இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷீலாவைக் கூப்பிட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினான். ஷீலா எழுந்து வந்தாள். வேதநாயகிக்கு மூச்சு வந்தது. அது நிலைக்கவில்லை. சூப்பர்வைசர் கை தட்டி, மூலையில் தகடு அடுக்கிக்கொண்டிருந்த மாடசாமியைக் கூப்பிட்டு அதே மெஷினில் உட்கார வைத்தான். மாடசாமி வயதானவர், அந்த வயதிலும் பத்து விரலும் பத்திரமாக இருந்த சிலரில் ஒருவர். அவர் கையை உதறிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வேதநாயகி டேப்லெட்டைப் பலகைமேல் வைத்தாள். சுவரில் மெயின் ஸ்விட்ச் பெட்டி இருந்தது. நேராக நடந்துபோய் அதன் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

பட்டறை முழுக்க ஓசை அடங்கியது. விளக்கும் போய்விட்டது. மோட்டார் நின்றாலும் பிரஸ்ஸின் பெரிய சக்கரம் மட்டும் அந்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"கைய எடுங்க! அண்ணாச்சி, கைய வெளிய எடுங்க!" என்று தமிழில் கத்தினாள். மாடசாமி திடுக்கிட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

முதலாளி மேல் அறையிலிருந்து இறங்கி வந்தார். அவரை எல்லோரும் சேட் என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் போகவில்லை, இந்த அம்மாள்தான் இழுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. "தாயி, நீங்க கேள்வி கேக்க வந்தவங்க. என் மெஷினைத் தொட உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது?" என்று மராத்தியில் கேட்டார்.

"அந்த மெஷின் டபுள் அடிக்குது சேட். யாராவது ஒருத்தர் கை போயிடும்."

"யாரு சொன்னது?"

வேதநாயகி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பட்டறையில் இருந்த எல்லோரும் ஷீலாவைப் பார்த்துவிட்டார்கள்.

சேட் ஸ்விட்சை மேலே தள்ளினார். விளக்கு வந்தது, மோட்டார் உறுமியது. "காட்டு," என்றார் மாடசாமியிடம். மாடசாமி ஒரு மரக் கட்டையை எடுத்துக்கொண்டார். பெடலை மிதித்தார். பிரஸ் ஒரு முறை இறங்கி ஏறி நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடியும் ஒரே முறை. இன்னொரு முறை, இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அது சொன்னபடி கேட்டது. சூப்பர்வைசர் சிரித்தான். ஷீலா சும்மா சொல்லியிருப்பாளோ என்று வேதநாயகிக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அடுத்த கணமே வெட்கப்பட்டாள்.

"போதும். போய் உக்காரு," என்று சேட் ஷீலாவுக்குக் கை காட்டினார். ஷீலா ஸ்டூலை நோக்கி நடந்தாள்.

மாடசாமி எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒருவாட்டி, சேட்," என்றார் இந்தியில். பதிலுக்குக் காத்திராமல் மிதித்தார். பிரஸ் இறங்கியது, ஏறியது. அவர் பெடலிலிருந்து காலை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பக்கவாட்டில் தரையில் ஊன்றினார். கட்டையை உள்ளே நீட்டினார்.

பிரஸ் தானாக இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு ஷீலாவின் காலடியில் வந்து விழுந்தது.

ஷீலா அப்படியே நின்றாள். சேட் தானே போய் அந்த மெஷினின் மோட்டாரை நிறுத்தினார். ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னார். பிறகு வேதநாயகி பக்கம் திரும்பி, அடங்கிய குரலில், "நீங்க இனிமே இங்க வர வேண்டாம். உங்க ஆபீஸ்காரங்க யாரும் வர வேண்டாம்," என்றார்.

அவளுக்கு அது போதும் என்றிருந்தது. மழையில் நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தாள். கால் தரையில் படுவதே தெரியவில்லை. மறுநாள் காலையில் ஷீலாவின் போன் வந்தது.

"என்னய வேலய விட்டுத் தூக்கிட்டாங்கக்கா. வெளியாள்ட்ட மெஷின் கதயச் சொன்னியே, இனி நீ எதுக்குன்னுட்டாரு."

"ஏளா ஷீலா, நான் உன் பேரச் சொல்லல."

"சொல்லாட்டி என்ன? தெரியாதா? நான் உங்கட்ட அக்கான்னு நெனச்சி சொன்னேன். நீங்க கேள்வி கேட்டுட்டுப் போயிருவிய. நான் எங்க போவேன்?"

கை இருக்கிறதே என்று சொல்ல வேதநாயகிக்கு மனம் வரவில்லை. கந்தசாமி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான். அன்றைக்கு முதல் சவாரியை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவளை ஆபீஸ் வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

அச்சுதன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கோபத்தில் அவர் குரல் இன்னும் தாழ்ந்துதான் போகும். சந்திலிருந்த மற்றப் பட்டறைகளும் அதே நாளில் ஃபிட்டரை வரவழைத்துவிட்டன என்று செய்தி வந்திருந்தது. அந்தச் சந்து இனி ஒப்பிடும் இடமில்லை. இருந்த பட்டறைகளே கொஞ்சம், அதில் ஒரு சந்தே போனால் மிச்சத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது சார். நீங்க சொன்னது எல்லாமே சரி. புரிஞ்சுதான் ஸ்விட்ச இழுத்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "பயிற்சியில நீங்க கேட்டீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்கே நான் உட்கார்ந்து ஒரு விதி எழுதியிருக்கணும். போன் பண்ணுங்கன்னு சொன்னது விதி இல்ல, தள்ளிப்போட்டது." திரும்பினார். "ஆனா உங்களைக் கசார்வாடிக்கு இனி அனுப்ப முடியாது."

"அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு சார்."

"தெரியும்."

வேலையை விட்டு அவளை நிறுத்தவில்லை. தளேகாவுக்கு மாற்றினார்கள். அச்சுதன் குழுவுக்கு எழுதி, ஆபத்தான மெஷினைப் பார்த்தால் அங்கேயே அப்போதே சொல்லிவிட்டுப் பிறகு பதிவு செய்ய வேண்டும் என்று புது விதி வாங்கினார். கசார்வாடிக்குக் கூண்டு தரும் நாளையும் முன்னே இழுத்தார். அதனால் ஒப்பிடக் கிடைத்த காலம் இன்னும் சுருங்கியது.

ஷீலாவுக்கு வேலை தேடியது வேதநாயகிதான். தளேகாவ் தொழிற்பேட்டையில் கேட்டுக்கொண்டே போனாள். முதல் இரண்டு இடத்தில் பிரஸ் வேலைக்குப் பெண் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். பிம்ப்ரியிலிருந்து லோக்கல் ரயிலில் போக வேண்டும். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஷீலா போய் வந்தாள். பேச்சு மட்டும் பழையபடி இல்லை. பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டால் தலையாட்டுவாள். ஒருநாள் மட்டும் நின்று பேசினாள்.

"அந்தக் கூண்டு இருக்கே, அதத் தெறந்து மூடுததுக்குள்ள உசுரு போவுது. ஒரு நாளைக்கு எத்தன பீஸ் குறையுது தெரியுமா? இதுக்கா அந்தப் பாடு பட்டிய?"

வேதநாயகிக்குச் சிரிப்பு வந்தது. "அதயும் கேள்வில கேப்பாங்க. அப்படியே சொல்லு," என்றாள்.

கடைசிச் சுற்றில் ஷீலா புதிதாகச் சேர்ந்த தளேகாவ் பட்டறை வேதநாயகியின் பங்குக்குத்தான் வந்தது. அவள் அச்சுதனிடம் போய், அந்தப் பட்டறையை எஸ்தருக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். தனக்கு வேண்டிய ஆளை, தானே வேலை வாங்கிக் கொடுத்த ஆளைத் தானே கேள்வி கேட்டால் பதில் கோணிவிடும் என்றாள். ஷீலா கசார்வாடியிலிருந்து தளேகாவுக்கு வந்தவள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அச்சுதன் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வெளிவந்தபோது அதை அவளுக்கு அவரே உட்கார்ந்து விளக்கினார். தளேகாவில் காயங்கள் குறைந்திருந்தன. கசார்வாடியிலும், குறிப்பாக அந்தச் சந்தில், கொஞ்சம் குறைந்திருந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. அந்தச் சந்தை விட்டுவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகிறது, ஆனால் பட்டறைகள் போதாததால் உறுதி குறைகிறது. அவள் செய்தது அதில் ஒரே வாக்கியமாக இருந்தது: இரண்டாம் சுற்றின்போது ஒப்பீட்டுப் பகுதியில் திட்டமிடாத தலையீடு ஒன்று நிகழ்ந்தது.

"அப்ப மத்த ஊருக்குக் கூண்டு போகாதா சார்?"

"போகலாம். லேட் ஆகும். இன்னும் ஒரு ஆய்வு வேணும்னு சொல்றாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களால மட்டும் இல்ல. ஆரம்பத்துலயே பட்டறை கம்மி."

அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒருத்தி, கூண்டில்லாத மெஷினில் இன்னும் சில வருஷம் கைவிட்டு எடுப்பாள். அதில் தன் பங்கு எவ்வளவு என்று எந்த ஆய்வாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது. அறிக்கையை மூடி அவரிடம் கொடுத்தாள்.

"அடுத்த ஆய்வு எந்த ஊர்ல சார்?"

"கோலாப்பூர் பக்கம் பேசிட்டிருக்கோம். வருவீங்களா?"

"வருவேன். அந்த விதிய முதல் நாளே எல்லாருக்கும் படிச்சுச் சொல்லணும். அது சரின்னா வருவேன்."

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க," என்றார் அச்சுதன்.